ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட கச்சேரி

"…அதுக்காக ஆம்புலன்ஸ் போறப்போ நிறுத்தாம ஊதணுமா? உள்ள படுத்துனு போறவன் இன்னா கல்யாண மாப்பிள்ளையாண்ணா?" என்று பேண்டு மாஸ்டர் என்னைக் கேட்டார். என் போனில் அப்போதுதான் அவர்களுடைய வாசிப்பைப் பதிவு செய்து முடித்திருந்தேன். அது கெட்டதா, தேறியதா என்பதுதான் வழக்கு.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய பேண்டு. பதினான்கு பேர். கல்யாணம், திருவிழா, சாவு, எதுவானாலும் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நடந்தபடியே வாசிப்பார்கள். மாஸ்டருக்கு மட்டும் தனியாக ஒரு பித்து. மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் வெளிநாட்டு பேண்டுகளின் கச்சேரிப் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்பார். ஏரிக்கரையில் ஆள் மாட்டினால் ஒரு பக்க இயர்போனை நம் காதில் செருகிவிடுவார்.

"கேளுண்ணா, எவனோ இருமுறான். இருமல் கேக்குற அளவுக்கு அமைதியா உக்காந்துனு கேக்குறானுங்க. நம்மள பார்த்தவன் ஆயிரம் பேரு. கேட்டவன் ஒருத்தன் இல்ல."

அதனால்தான், பூங்கா மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு பேண்டுகளைத் தேர்வு செய்கிறார்கள் என்று தெரிந்ததும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து நிமிடம் வாசித்துப் பதிவு அனுப்ப வேண்டும். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தக் கடைசி நாளில்தான் எங்களுக்கு ஒரு ஹால் கிடைத்தது, அதுவும் ஐந்து மணி வரைக்கும்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வாய் வாசித்தது, கால் ஊர்வலம் போனது. பதிவைப் போட்டுக் கேட்டால் பாட்டைவிட பூட்ஸ் சத்தம் தூக்கலாக இருந்தது. "ஷூவைக் கழட்டுங்கடா!" என்றார் மாஸ்டர். கழற்றினார்கள். இரண்டாவது முறை பாதி வாசிப்பில் பெரிய டிரம்காரர் எழுந்து கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"எங்கய்யா போற? பொண்ணு வூட்டுக்கா?"

"தெரியல மாஸ்டர், கால் தானா போவுது."

மூன்றாவது முறை எல்லாம் கூடி வந்தது. ஏழாவது நிமிடம், மற்றவர்கள் மெல்ல அடங்க, மாஸ்டரின் கிளாரினெட் மட்டும் தனியாக ஏறியது. கல்யாண ஊர்வலத்தில் இத்தனை வருடம் கேட்ட அதே கிளாரினெட்தானா என்று நான் வாயைப் பிளந்து நிற்கையில், வெளியே சைரன்.

தெருவில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசிப்பை நிறுத்தி ஓரம் கட்டிவிடுவார்கள். வண்டி கடந்த பிறகுதான் மறுபடி வாசிப்பார்கள். அன்றும் பதினான்கு பேரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள். ஒரு பீப்பீகூட மிச்சமில்லை. டிரம்காரர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி வழியும் விட்டார், ஹாலுக்குள்ளே! சைரன் தேய்ந்து மறைந்ததும் மாஸ்டர் தலையசைத்தார். விட்ட இடத்திலிருந்தே பிடித்து, பிசிறில்லாமல் முடித்தார்கள்.

"மாஸ்டர், நிறுத்தாம ஊதியிருந்தா நூத்துக்கு நூறு," என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி விழுந்தது.

மணி நாலு ஐம்பது. ஹாலில் அடுத்த விசேஷம் ஒரு வளைகாப்பு. தாம்பாளங்களோடு பெண்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். இன்னொரு முறை வாசிக்க வழியில்லை.

"அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டிடலாம் மாஸ்டர், எவனுக்குத் தெரியப் போவுது?" என்றார் சாக்சபோன்காரர். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

மாஸ்டர் என் கையிலிருந்து போனை வாங்கினார். பதிவை முழுசாக, சைரனோடு அனுப்பினார். பிறகு போனை வாய்க்கு அருகில் பிடித்து, சுத்தமான கன்னடத்தில், "நமஸ்காரம் சார், நடுவில் நின்றது தப்பில்லை, ஆம்புலன்ஸுக்கு வழி விட்டோம். அதற்கு அப்புறமும் வாசித்திருக்கிறோம், கடைசி வரை கேளுங்கள்," என்று பேசி, அதையும் அனுப்பினார்.