எழுதினால் இவ்வளவு, எழுதாமல் இருந்தால் அவ்வளவு

நெட்டில் நாங்கள் எழுதுகிற பிளாக்கில் முதன்முதலாக விளம்பரம் ஓடிய அன்று காலை, திருப்பரங்குன்றத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் தேடி என் கட்டுரையைப் படித்திருக்கிறார். ‘முன்பணம் கொடுக்கும் முன் மண்டபத்தில் பார்க்க வேண்டியவை’ என்ற தலைப்புக்கு நேர் கீழே, ‘விவாகரத்தா? கவலை வேண்டாம்’ என்று ஒரு வக்கீல் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“ஏம்மா, நீங்க கல்யாணம் பண்ணி வைக்க எழுதுறீங்களா, பிரிச்சு வைக்க எழுதுறீங்களா?” என்று கேட்டார்.

விளம்பரத்தை நாங்கள் போடுவதில்லை, மெசின் போடுகிறது என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் கார் நிறுத்த வசதியான மண்டபம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனை வைத்தார். அதற்குக் காசு கேட்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பிளாக் எழுதினால் காசு வருமா, எந்த வழியில் அதிகம் வரும் என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள். நான் கல்யாண மண்டபம் படித்தவள். ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். புக்கிங் எழுதச் சேர்ந்து மேனேஜராக முடித்தேன். சாம்பார் வாளி காணாமல் போனாலும் மாப்பிள்ளை காணாமல் போனாலும் மேனேஜரிடம்தான் வருவார்கள். மாப்பிள்ளை காணாமல் போனது ஒரே ஒரு முறை. வாளி மாதாமாதம்.

முழங்கால் மாடிப்படியை ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்டு, வில்லாபுரத்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சிக்கந்தர் வந்தார். எங்கள் மண்டபத்தில் நடந்த கல்யாணங்களில் பாதி அவர் கேமராவில்தான் இருக்கிறது. டிரோன் வைத்திருக்கிறவர்கள் வந்த பிறகு அவருக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. மண்டபங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நெட்டில் எழுதலாம், நான் சொல்லச் சொல்ல அவர் டைப் பண்ணிப் படமும் எடுப்பார், வருவதில் பாதிப் பாதி என்றார். ஒப்புக்கொண்டேன்.

மணமகள் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஜெனரேட்டர் ஏசியைத் தூக்குமா இல்லை ஃபேனோடு நின்றுவிடுமா, போர் தண்ணீர் உப்பா, பந்தியில் இலை போட்ட பிறகு பரிமாறுகிறவர் நடக்க இடம் இருக்கிறதா. இதைத்தான் எழுதினோம். கழிப்பறைப் படம் இல்லாமல் ஒரு கட்டுரையும் போனதில்லை.

“இம்புட்டு வருசமா பொண்ணு மாப்ளயத்தான் எடுத்தேன்க்கா. இப்ப கக்கூஸ் எடுக்குறேன். ஒண்ணு சொல்லணும், இது ஆடாம அசையாம நிக்கிது” என்றார் சிக்கந்தர்.

விளம்பரம்

இதில் உள்ள ஒரே சுகம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். மெசின் பாட்டுக்குப் போடும், காசு பாட்டுக்குச் சேரும். ஆனால் சேரும் வேகத்தைப் பார்த்தால் நமக்கே பரிதாபமாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட தொகை வந்தால்தான் பேங்க்குக்கு அனுப்புவார்கள். அது வருவதற்குள் இரண்டு முகூர்த்த சீசன் முடிந்துவிட்டது.

விளம்பரத்துக்குக் கூட்டம் வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப வருகிற கூட்டம். சமையல் பிளாக் என்றால் நாளைக்கும் பசிக்கும், வருவார்கள். கல்யாணம் முடிந்தவன் மண்டபக் கட்டுரையைப் படிக்க எதற்கு வரப்போகிறான்? வந்தால் அந்த வக்கீலைத் தேடித்தான் வர வேண்டும்.

லிங்க்

ஒரு பொருளைப் பற்றி எழுதி, ஆன்லைன் கடைக்கு லிங்க் கொடுத்தால், அதைத் தட்டி வாங்குகிறவர்களால் நமக்குக் கமிஷன். தாம்பூலப் பை, ஆரத்தித் தட்டு என்று சிக்கந்தர் வரிசையாகப் படம் எடுத்துப் போட்டார். தாம்பூலப் பைக் கட்டுரையை ஏகப்பட்ட பேர் படித்தார்கள். வாங்கியவர்கள் இல்லை.

ஏன் என்று ஒரு அம்மாதான் போன் செய்து விளக்கினார். நன்றி சொல்லக் கூப்பிட்டவர் அவர். எங்கள் லிங்க்கில் விலையைப் பார்த்து, அந்த போனைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் மொத்தக் கடைக்குப் போய், அதைக் காட்டியே விலையைக் குறைத்து வாங்கிவிட்டாராம். இன்னும் இந்த மாதிரி நிறையப் போடுங்கள் என்று வாழ்த்தினார்.

எங்களுக்கு வந்த முதல் கமிஷன், தாம்பூலப் பை லிங்க் வழியாக உள்ளே போன ஒரு புண்ணியவான் வாங்கிய கொசு பேட்டுக்கு. அதற்கும் கொடுக்கிறார்கள். மதுரையில் லிங்க்கை நம்பிப் பிழைக்க நினைப்பவர்கள் கொசுவைப் பற்றி எழுதுவது உத்தமம்.

ஸ்பான்சர்

பைபாஸ் பக்கம் புதிதாக மண்டபம் கட்டிய ஒருவர் கூப்பிட்டார். புகழ்ந்து எழுதினால் காசு, அதுவும் முன்னாடியே. கட்டுரையையும் அவரே அனுப்பிவிட்டார். அதில் மண்டபம் தேவலோகத்துக்குச் சமம் என்று இருந்தது. தேவலோகத்தில் பார்க்கிங் உண்டா என்று தெரியாததால், நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதுவேன் என்றேன். இது காசு வாங்கிக்கொண்டு எழுதியது என்று மேலேயே போடுவேன், ஒரு குறையாவது எழுதுவேன் என்றும் சொன்னேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்து, ஒரு குறையை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

“மண்டபம் ரொம்பப் பெருசு, நடந்தா கால் வலிக்குதுன்னு எழுதுங்க.”

போய்ப் பார்த்தோம். மண்டபம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. சமையலறைப் புகை மட்டும் நேராகப் பந்திக்குள் வந்தது. நல்லதை எல்லாம் எழுதி, புகையையும் எழுதினேன். கட்டுரை வெளிவந்த மறுநாள் அவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். மொத்த பிளாக் வாழ்க்கையில் அதுவரை வந்ததில் அதுதான் பெரிய காசு. ஆனால் அடுத்த ஸ்பான்சர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தானே வருவார்? வரவில்லை.

எழுதாமல் இருத்தல்

இப்படி ஒரு வழி இருப்பது எந்தக் கட்டுரையிலும் வராது.

ஊரில் உள்ள மண்டபங்களை எல்லாம் எழுதியவள், நான் வேலை பார்த்த மண்டபத்தை எழுதவில்லை. படிக்கிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எழுத என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். வாடகையைச் சொல்லி முன்பணம் வாங்குவார்கள். கல்யாணம் முடிந்து சாவியைக் கொடுக்கும்போது கரண்ட் யூனிட், டீசல், கிளீனிங், குப்பை, வாட்ச்மேன், பாத்திர வாடகை என்று இன்னொரு பில் வரும். அழுது சிரித்து அசந்துபோன பெண்ணின் அப்பா வாயைத் திறக்காமல் கட்டிவிட்டுப் போவார். பல மண்டபங்களில் இதே கதைதான். ஆனால் எங்கள் மண்டபத்தில் அந்த பில்லைப் போட்டவளே நான் என்பதால் ஒவ்வொரு வரியும் மனப்பாடம். கட்டுரையைத் தயார் செய்துவிட்டோம். சிக்கந்தர் போய்ப் படமும் எடுத்து வந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் கார்த்திகாவுக்குச் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளைக்கு ஊர் எழுமலை. சம்பந்தி விவசாயி. ஊரிலிருந்து வேன் வேனாக ஆள் வரும், விசாலமான இடம் வேண்டும் என்றவர், தான் ஒரு கல்யாணத்துக்கு வந்துபோன மண்டபம் ஒன்றைச் சொன்னார். அது எங்கள் மண்டபமேதான்.

தேதி கேட்க முதலாளியிடம் போனேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அந்த அறையில் நான் டீ குடித்ததே இல்லை, அதனால் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. சிக்கந்தர் டீசல் மீட்டரைப் படம் எடுத்ததை வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார்.

“ஒம் மக கல்யாணத்துக்கு வாடகையே வேணாம் செல்வி. ஏசிய எம்புட்டு நேரம் வேணும்னாலும் போட்டுக்க. நம்ம மண்டபத்த மட்டும் எழுதாத” என்றார் முதலாளி.

“மத்த மண்டபத்த எழுதலாமா மொதலாளி?”

“அத நல்லா எழுது. இன்னுங்கொஞ்சம் காரமாவே எழுது.”

யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. விளம்பரம், லிங்க், ஸ்பான்சர் மூன்றையும் கூட்டினாலும் அந்த ஒரு நாள் வாடகைக்குக் கிட்டே வராது. கார்த்திகாவின் நகைக்காக நான் சீட்டுக் கட்டி மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. சிக்கந்தரிடம் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார்.

“எழுதாம இருக்குறதுக்கு இம்புட்டுத் தாராங்கன்னா, எழுதி என்னக்கா பண்றோம்? மிச்ச மண்டபத்துலயும் போயி எழுத மாட்டோம்னு சொல்லிப் பாப்போமா?”

விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

கார்த்திகா ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். நேர்மை நியாயம் என்று ஏதாவது பேசுவாள், அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

“ஓசியில வாங்கிட்டு, முகூர்த்த நேரத்துல கரண்டு போச்சுன்னா யாருட்டம்மா சண்ட போடுவ?”

இருபது வருஷம் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நான். முழு வாடகை கொடுத்தவர்கள் எப்படிக் கத்துவார்கள் என்று தெரியும். முதலாளிக்கு வேண்டப்பட்டவர்கள் என்று ஓசியில் வந்தவர்கள், தண்ணீர் வராவிட்டாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதும் தெரியும். என் பெண் கல்யாணத்தில் நான் அப்படி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ஓசி வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

சம்பந்திக்குப் போன் போட்டு இருப்பதைச் சொன்னேன். அந்த மண்டபம் கிடைக்காமல் போகலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் பிடிக்கவும் இல்லை.

“கல்யாணம் முடியட்டும், பெறகு எழுதுனா ஆகாதா?” என்று கேட்டார்.

“அவர் சோத்தத் தின்னுட்டு அவர வைய்யிற மாதிரி ஆயிரும் சம்பந்தி. அதுக்கு எழுதாமலே இருந்துரலாம்.”

சம்பந்தமே கெட்டுப்போகுமோ என்று நினைத்தேன். கடைசியில் அவர், எந்த மண்டபமாக இருந்தாலும் வேன் நிற்க இடம் இருந்தால் போதும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கட்டுரையைப் போட்டோம். சாவி கொடுக்கும்போது வருகிற பில்லில் என்னென்ன இருக்கும், எதைக் குறைக்கச் சொல்லலாம், மீட்டரை எப்போது பார்த்து எழுதி வைக்க வேண்டும், எல்லாம் வரி வரியாக. நல்லதையும் விடவில்லை. ஜெனரேட்டர் ஏசியைத் தூக்கும், தண்ணீர் உப்பு இல்லை, மணமகள் அறைத் தாழ்ப்பாள் உறுதியானது. தாழ்ப்பாளை மாட்டச் சொன்னவள் நான்தான் என்பதை மட்டும் எழுதவில்லை.

முதலாளியிடமிருந்து சத்தமே இல்லை. சில வாரம் கழித்து, என் இடத்துக்கு வந்திருந்த புது மேனேஜர் கூப்பிட்டார். வருகிறவர்கள் எல்லாம் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு வரியாகப் பேரம் பேசுகிறார்கள், தொண்டை வற்றுகிறது என்று அழாத குறையாகச் சொன்னார். புக்கிங் குறைந்ததா என்றேன். கூடியிருக்கிறது என்றார். மற்ற மண்டபங்களில் கடைசியில் எவ்வளவு வரும் என்று தெரியாது, இங்கே தெரிகிறது, அதனால் வருகிறார்களாம்.

மறுநாளே நானும் போனேன், தேதி கேட்க. இந்த முறை டீ இல்லை. முதலாளி என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பொய் ஒண்ணும் எழுதல. எழுதுனதுதான் எழுதுன, மண்டபத்து போன் நம்பரப் போட்டுருக்கலாம்ல?”

முழு வாடகை கொடுத்து புக் செய்தேன். குப்பைக் காசையும் வாட்ச்மேன் காசையும் கணக்கிலிருந்து அடிக்கச் சொன்னேன். அடித்துக் கொடுத்தார்.

கூட வருதல்

கல்யாணம் நன்றாக நடந்தது. சாவி வாங்கிய அன்று, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புது மேனேஜரோடு மீட்டர் மீட்டராக நின்று நான் எழுதி வாங்கியதை, சம்பந்தி வீட்டுச் சொந்தக்கார அம்மா ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் பில் கொடுக்கிற நேரத்திலும் பக்கத்திலேயே நின்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் மண்டபம் பேச வாரீங்களா? கூலி குடுத்துர்றோம்.”

எங்களுக்குச் சோறு போடுவது இப்போது இதுதான். மண்டபம் பார்க்கக் கூட வருவதற்கு ஒரு கட்டணம், சாவி கொடுக்கும் நாளில் வந்து நிற்பதற்கு ஒரு கட்டணம். அதைப் பிளாக்கிலேயே போட்டிருக்கிறோம். சிக்கந்தருக்கும் அதே வீடுகளில் போட்டோ ஆர்டர் கிடைக்கிறது. மனிதர் மறுபடி மனித முகங்களை எடுக்கிறார். ஆடுகிறார்கள், அசைகிறார்கள் என்று குறைப்படுகிறார்.

பிளாக் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விளம்பரத்தை வையுங்கள், தப்பில்லை, அதை நம்பிக் கடன் மட்டும் வாங்காதீர்கள். லிங்க் கொடுங்கள், கொசு பேட்டுக்கு வாழ்த்துகள். ஸ்பான்சர் வந்தால் காசை முதலிலும் பேனாவைப் பிறகும் எடுங்கள். எழுதாமல் இருக்கக் காசு தருகிறேன் என்று ஒருவர் வந்தால், உங்கள் எழுத்தைக் கவனமாகப் படிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அதை வாங்கிக்கொண்டால் ஒரு முறைதான் சம்பாதிக்கலாம். அப்புறம் எந்தப் பெண்ணின் அப்பாவும் உங்களை நம்பிப் போன் செய்ய மாட்டார்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் குடும்பத்தோடு அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கினேன். மண்டபத்து வாசலில் நின்றவர் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, “கக்கூஸக் கழுவி விடுங்கப்பா, அந்தம்மா வந்துருச்சு” என்று குரல் கொடுத்தார். உள்ளே வாளிகள் உருளும் சத்தம் கேட்டது. கழுவி முடிக்கட்டும் என்று நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.