லிண்டா மேடம் கட்டிய வேப்பிலை

லிண்டா மேடம் போய்விட்டார்...

அவர் மகள் இங்கிலீஷில் அனுப்பியதை என் மகன் தமிழில் எழுதிக் கொடுத்தான். எழுத்துக்கூட்டி நானே படித்தேன். இந்த வயதில் படிக்க வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். இந்தச் செய்தியைப் படிக்கவா வந்தது?

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் துபாயில் அவர் வில்லாவுக்கு நான் தோட்டக்காரன். அவர் இங்கிலாந்துக்காரர், ஸ்கூலில் டிராயிங் டீச்சர்.

பௌர்ணமிக்குப் பின்பக்க மரத்தடியில் உப்பால் வட்டம் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, நிலாவைப் பார்த்து நிற்பார். உதடு அசையும். சத்தம் வராது.

"யாரைக் கும்பிடுறீங்க மேடம்?" எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். அங்கே எல்லாருக்கும் எல்லாரும் 'பாய்'தான்.

"தேவியை, பாய். இந்த மண்ணும் அவதான், நிலாவும் அவதான். ஊர்ல எங்களை விட்ச்னு சொல்வாங்க."

விட்ச் என்றால் சூனியக்காரி என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நாட்டில் அந்தப் பேச்சு வெளியே போனால் விசா கேன்சல். நான் வாயே திறக்கவில்லை.

ஒரு ஜூன் மாதம் டியூட்டிக்குப் போனால் அவர் வாசலில் வேப்பிலைக் கொத்து. மேடத்துக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்... செருப்பைக் கழற்றினேன். கடையில் மோர் வாங்கி வந்து படியில் வைத்தேன். அவரை ஸ்கூலுக்குக் கூட்டிப்போக வந்த டிரைவரையும் "பெல் அடிக்காதீங்க பாய்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

மேடம் கைப்பையோடு வெளியே வந்தார். "என் வண்டி எங்கே?" முகத்தில் ஒரு முத்துகூட இல்லை.

வருஷத்திலேயே நீளமான பகலாம் அன்று. அவர் ஊரில் ஓக் மரத்து இலை கட்டுவார்களாம், இங்கே வேம்புதான் கிடைத்ததாம். எங்கள் வழக்கத்தைச் சொன்னதும் படியில் உட்கார்ந்து சிரித்தார். அந்த மோரையும் குடித்தார்.

"உங்க ஊர்ல தேவியை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"மைக் செட் போட்டு, மேடம். பக்கத்து ஊருக்கே கேட்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. "ஒரு தடவையாவது நானும் சத்தமா கூப்பிடணும் பாய்."

எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு வாங்க என்றேன். நான் ஊர் திரும்பிய பிறகும் வருஷா வருஷம் கூப்பிட்டேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றார்... பிறகு முட்டிவலி. பிறகு படுக்கை.

இன்று என் வாசலில் வேப்பிலை கட்டினேன். பக்கத்து வீட்டு செல்வி கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

"யாருக்குப் பெரியப்பா அம்மை?"

"யாருக்கும் இல்ல தாயி. துபாய்ல எங்க மேடம் வீட்டு வழக்கம்."

அவள் நம்பவில்லை. சற்று நேரத்தில் சுவர் மேல் ஒரு சொம்பு மோர் இருந்தது.

போய் வாருங்கள் மேடம்... இனி சத்தமாகவே கூப்பிடுங்கள்.