மார்த்தா பேரிலிருந்த ஆஸ்டின்

1928 மார்ச் 17. ஆஸ்டின் கார், முன்பு ஒருவர் மட்டும் ஓட்டியது. 680 வெள்ளி.
1931 டிசம்பர் 31. வேலை முடிந்தது. பென்ஷன் மாதம் 71 வெள்ளி 40 காசு.
1932 பிப்ரவரி 9. காருக்குக் கித்தான் உறை, கயிறு, கூலி. 11 வெள்ளி.
1932 பிப்ரவரி 15. சென்னைத் துறைமுகம் வரை காருக்குக் கப்பல் கட்டணம். 118 வெள்ளி 50 காசு.
1932 மார்ச் 5. சென்னைக்குப் பயணச்சீட்டு இரண்டு. 130 வெள்ளி.

செபாஸ்டியன் பினாங்குக்கு வந்தபோது வயது பத்தொன்பது. கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்து, தலைமைக் கிராணியாக உயர்ந்து, ஐம்பத்தோராவது வயதில் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கெட்ட காலம்தான். ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டத்து ஜனங்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு யார்மேலும் வருத்தமில்லை. உடம்பில் அசதி மட்டும் இருந்தது. காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்ட பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வரும்.

மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. நாகப்பட்டினத்தில் அண்ணன் மைக்கேல் இருந்தார். அந்தத் தெருவுக்குள் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நின்று படகில்தான் சாமான் இறக்குவார்கள். அதனால் காரைச் சென்னையில் இறக்கி, பாண்டிச்சேரி, சிதம்பரம் வழியாக மனைவி மார்த்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தாமே ஓட்டிப் போவது என்று திட்டம். அண்ணனுக்கு எழுதினார். அண்ணனிடமிருந்து உடனே பதில் வந்தது. அதன்பின் மூன்று கடிதங்கள் கேட்காமலே வந்தன.

கப்பல் காரியங்களைப் பார்த்துக்கொடுப்பவர் ஷேக் அலாவுதீன். கடற்கரைத் தெருவில் சின்ன அலுவலகம். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய சிரிப்பு.

"நீங்க போற கப்பல்ல காருக்கு இடமில்லை, கிராணி ஐயா. தளம் முழுக்க ஊருக்குப் போற ஜனம். காரு முன்னாடி சரக்குக் கப்பல்ல போகட்டும், நீங்க பின்னாடி போங்க. ஒண்ணும் சுசா இல்லை, சிரமமே கிடையாது. இங்கே ஒரே ஒரு கையெழுத்து."

செபாஸ்டியன் பேனாவை எடுத்தார். அலாவுதீன் காரின் பதிவுப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்தார்.

"காரு உங்க பேர்ல இல்லையே?"

"சம்சாரம் பேர்ல, பாய்."

"செட்டியாருக்குப் பயந்தா?"

செபாஸ்டியன் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு சிநேகிதனின் கடனுக்கு ஜாமீன் நின்று, வட்டிக்கடைச் செட்டியார் நோட்டீஸ் விட்ட வருஷத்தில்தான் கார் வாங்கினார். தம் பேரில் வாங்கியிருந்தால் மறுநாளே ஜப்தி செய்திருப்பார்கள்.

"வெட்கப்படாதீங்க லா! பினாங்குல பாதி காரு பொம்பளைங்க பேர்லதான் ஓடுது. அம்மாகிட்ட வாங்கிட்டு வாங்க, போதும்."

மார்த்தா கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். அவள் பினாங்குத் தீவிலேயே பிறந்தவள். கடல் தாண்டிப் போன தூரம் எதிர்க்கரை மட்டும்தான். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"இது காருக்கு மட்டும்தானே?"

"காருக்குத்தான். வேறே எதுக்கு?"

கையெழுத்துப் போட்டுவிட்டு மீன் பொரிக்கப் போனாள்.

பிப்ரவரி பதினேழாம் தேதி துறைமேடையில் காரை ஏற்றினார்கள். பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டதால் கடைசி நூறு கஜம் நான்கு கூலிகளோடு செபாஸ்டியனும் சேர்ந்து தள்ளினார். மார்த்தாவும் வந்திருந்தாள். கித்தான் உறையைப் போடுமுன் கதவைத் திறந்து, ஓட்டுபவருக்கு எதிரே ஒட்டியிருந்த புனித அன்னம்மாள் பதக்கத்தைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அதை ஏன் எடுத்தே?"

"திருட்டுப் போயிரும்."

நியாயமாகத்தான் பட்டது. சக்கரங்களுக்கு அடியில் வலையைக் கோத்து, பாரந்தூக்கி காரை மேலே இழுத்தது. முன் சக்கரம் ஒன்று காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டே போயிற்று.

"கிராணி ஐயா, உங்க ஆயுசுல இவ்வளவு உசரமா நீங்க ஓட்டினதில்லை!" என்று அலாவுதீன் கத்தினார். கூலிகள் சிரித்தார்கள். செபாஸ்டியனும் சிரித்தார். திரும்பும்போது கணவனும் மனைவியும் ஒரே ரிக்‌ஷாவில் வந்தார்கள். அவருக்குத் தோள்கள் வலித்தன. பாதி காரியம் முடிந்தது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது டத்தோ கிராமாட் சாலையிலிருந்த அவர்கள் வீட்டின் கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி தயாராக இருந்தது. வேஷ்டிகள், கம்பளிச் சட்டை, மூட்டுவலித் தைலம், ஜெபமாலை என்று எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் அவருடையவை.

"உன் பெட்டி எங்கே?"

"நான் எங்கே போறேன்?" என்றாள் மார்த்தா. சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீதானே கையெழுத்துப் போட்டே?"

"காரைக் கேட்டீங்க, போட்டேன். என்னைக் கேட்கலையே."

"இருபத்தெட்டு வருஷமா நான் எங்கே கூப்பிட்டாலும் வந்தவதானே நீ?"

"அதெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புற தூரம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் கோபப்பட்டிருப்பார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"உங்கண்ணன் எழுதின நாலு கடுதாசியையும் படிச்சேன். காரு என்ன கலரு, எத்தனை பேரு உட்காரலாம், வேளாங்கண்ணிக்கு எத்தனை மணி நேரத்துல போகும், எல்லாம் கேட்டிருக்காரு. நான் உயிரோட இருக்கேனான்னு ஒரு வரி இல்லை. அந்த வீட்டுல போய் நான் யாரு? காரோட வந்த சாமானா?"

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"கேட்பீங்க கேட்பீங்கன்னு இருந்தேன். கப்பல் கட்டணம் கட்டினீங்க, சீட்டு வாங்கினீங்க. சரி, இவரு முடிவு பண்ணிட்டாருன்னு உங்க துணியை அடுக்கிட்டேன். நீங்க போய்ட்டு வாங்க. உங்க ஊரு, உங்க ஆசை. நான் புக்கிட் மெர்தாஜாம்ல நம்ம பொண்ணு அக்னஸ் வீட்டுல இருந்துக்கறேன். அவளுக்கும் மாசம் ஏறிட்டுது."

மறுநாள் செபாஸ்டியன் அலாவுதீனிடம் போனார். போகும் வழி முழுக்க, காரை மட்டுமாவது கையில் எடுத்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். அவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அலாவுதீன் வழக்கத்துக்கு மாறாகச் சிரிக்கவில்லை.

"காரு மெட்ராஸ்ல இறங்கிட்டுது. ஆனா அம்மா பேர்ல போயிருக்கு. அவங்க நேர்ல வந்து கேட்டாத்தான் சுங்கத்துல விடுவான். வரலைன்னா, உங்களுக்கு அதிகாரம் கொடுத்து இந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். போட்டாங்கன்னா நீங்க தனியாப் போய் எடுத்துக்கலாம்." கொஞ்சம் தயங்கினார். "போடுவாங்களா?"

"போடுவா, பாய். அதுதான் கஷ்டம்."

அன்று மாலை விளக்கேற்றியதும் மார்த்தாவே கேட்டாள், "பாய் ஏதோ பத்திரம் கொடுத்திருப்பாரே, கொண்டாங்க." அவர் எடுத்து மேஜைமேல் வைத்தார். மைப்புட்டியையும் வைத்தார். அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை படித்து, பேனாவை மையில் தோய்த்தாள்.

"இரு, மார்த்தா. நான் போகணுமா?"

பேனா அப்படியே நின்றது.

"இப்பத்தான் கேட்கறீங்க."

"கேட்டுட்டேன். சொல்லு."

"போக வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா, நீங்க சாகுறவரைக்கும் அந்தக் காருக்கு நான் பதில் சொல்லிக்கிட்டு இருக்கணும். என்னால முடியாது. எனக்கும் வயசாச்சு. போடட்டுமா, வேண்டாமா? மை சொட்டுது."

செபாஸ்டியன் அந்த ஒழுங்கான டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். சிதம்பரத்துச் சாலையில் பக்கத்து இருக்கை காலியாக, தாம் மட்டும் ஓட்டிப்போவதை நினைத்துப் பார்த்தார். அண்ணன் வீட்டு வாசலில் பத்துப் பேர் காரைச் சுற்றிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் ஆகும். அந்தச் சாயங்காலத்தில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதன் பின் வரும் சாயங்காலங்களில் என்ன செய்வது என்பதும் தெரியவில்லை.

அவள் விரல்களிலிருந்து பேனாவை வாங்கித் துடைத்து வைத்தார். மைப்புட்டியை மூடினார்.

"மீன் இருக்கா?" என்றார்.

"இருக்கு. உட்காருங்க."

சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்ததில் 97 வெள்ளி 50 காசு வந்தது. டிரங்குப் பெட்டியை அவரே காலி செய்தார். துணிகளைப் பழைய இடத்திலேயே அடுக்கப் பாதி நாள் ஆயிற்று. காரைத் திரும்பக் கொண்டுவரும் செலவு பென்ஷனுக்குக் கட்டுபடியாகாது; அண்ணன் கையில் அதை ஒப்படைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

ஜூலை 26, புனித அன்னம்மாள் திருநாள். நான்கு வருஷமாகக் காரில் போய்வந்த புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்கு அந்த வருஷம் படகில் அக்கரை போய், அங்கிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள். கோயில் வாசலில் கண்டவர்களெல்லாம் அதையேதான் கேட்டார்கள்.

"என்ன அண்ணே, ஊருக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க? காரு எங்கே?"

"மெட்ராஸ்ல."

"நீங்க?"

"இங்கே."

இரண்டு மாதக் கைக்குழந்தையோடு நின்ற மகள் அக்னஸ் சொன்னாள், "எங்கப்பா வீட்டுல ஊருக்குப் போனது அந்தக் காரு ஒண்ணுதான். கொடுத்து வெச்சது." மார்த்தா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செபாஸ்டியனுக்குக் கால் கடுத்தது. மலைப்படியில் உட்கார்ந்து, பேரனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அந்தப் பதக்கம் கிடந்தது. பின்பக்கத்துப் பசையின் தடம் இன்னும் போகவில்லை.

அண்ணன் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பின் எழுதவில்லை. சென்னையிலிருந்து கிடங்கு வாடகை நோட்டீஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. எல்லாம் மார்த்தா பேருக்கு. அவள் பிரிக்காமலே கணவரிடம் நீட்டுவாள். அவர் படித்து, மடித்து, மேஜை இழுப்பறையில் போடுவார்.

கடைசியாக வந்த உறை தடிமனாக இருந்தது. அதை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"உன் பேருக்குத்தானே வந்திருக்கு? நீ படி."

அவள் வாசற்படி வெளிச்சத்தில் நின்று படித்தாள். கார் ஏலத்தில் போய்விட்டது. தீர்வைக்கும் வாடகைக்கும் கழித்தது போக, உரிமையாளருக்குச் சேர வேண்டியது ஒன்றுமில்லை.

"யாரு எடுத்தாங்கன்னு போடலை," என்றாள்.

"யாரா இருந்தாலும், முதல் கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும். பதறாம, விட்டுப் பிடிச்சுப் போடணும்."

"எழுதிச் சொல்லுவோமா?"

"வேண்டாம். ஓட்டுறவனே கண்டுபிடிச்சுக்குவான்."

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 1932 நவம்பர் 14, திங்கட்கிழமை.