மாம்புரிக்குக் கிட்டார் பார்க்கப் போன நாள்

மாம்புரியில் ஒருவர் லீட் கிட்டார் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்ப்பதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன். விலை பெரிய விலைதான். ஆனால் யோசனை அதைப் பற்றியதல்ல. லீட் கிட்டாரைக் கரண்டில் மாட்டி வாசித்து ஆறு வருஷமாகியிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னர் சிலாபத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் கோஷ்டி வாசித்தது. மழை விட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. மேடைப் பலகை நனைந்திருந்தது. எங்கள் பாடகன் கழுத்தில் கிட்டாரோடு வந்து, மைக்கில் வாயை வைத்துப் பாடத் தொடங்கினான். உடனே குனிந்தான். ஆட்களைச் சிரிக்க வைக்க அப்படி எதையாவது செய்கிறவன்தான். நான் நாலடி தள்ளி நின்று வாசித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வரி வாசித்திருப்பேன். யாரோ ஓடிவந்து வயரைப் பிடுங்கியபோது அவன் விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் போய்விட்டது. மைக்குக்கும் கிட்டார்க் கம்பிக்கும் நடுவில் அவன் உடம்பு வழியாகக் கரண்ட் பாய்ந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து நான் பொக்ஸ் கிட்டார் மட்டும்தான். அதற்குக் கரண்ட் தேவையில்லை.

இந்த வருஷம் கூட்டாளிகள் சிலர் கற்பிட்டிப் பக்க ஹோட்டல்களில் வாசிக்கத் தொடங்கி என்னையும் கூப்பிட்டார்கள். கடற்கரைக் காற்றில் பொக்ஸ் கிட்டார் கேட்காது, லீட் கிட்டாரோடு வா என்றார்கள். வாசிக்க ஆசை இருந்தது. அந்த ஆசைதான் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி பாலாவிச் சந்தியால் திருப்பி மாம்புரிக்குக் கொண்டுபோனது. சட்டைப் பையில் ஒரு புதிய டெஸ்டர் இருந்தது. கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்தால் உள்ளே சின்ன பல்ப் எரியும், அந்தத் திருப்புளிதான். முதல் நாளே வீட்டுப் பிளக்கில் அதை மூன்று தரம் வைத்துப் பார்த்திருந்தேன்.

விற்பவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு முஸ்லிம் பெரியவர். நான் அவரை நானா என்றும் அவருடைய மனைவியை ராத்தா என்றும் கூப்பிட்டேன். மத்திய கிழக்கில் ஒரு ஹோட்டலில் பல வருஷம் ஒலிபெருக்கி வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பி வெங்காயமும் மிளகாயும் போடுகிறார். மக்காவுக்கு உம்ரா போய் வந்த பிறகு வாசிப்பதை விட்டுவிட்டேன், சும்மா கிடந்து உப்புக் காற்றில் பழுதாகிப்போவதைப் பார்க்கத்தான் மனமில்லை என்றார்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். விருந்தாளி வருகிறார் என்று அப்போதுதான் தரையைத் துடைத்திருக்கிறார்கள். வெறுங்காலில் சீமெந்துத் தரையின் ஈரம் பட்டதும் அந்த மேடைப் பலகைதான் ஞாபகம் வந்தது.

கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார். கருஞ்சிவப்பு நிறம். கனமானது. நான் கையில் பிடித்ததிலேயே நல்ல கிட்டார் அதுதான். வெளிச்சத்துப் பக்கம் திரும்பி, கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளத்துக்குப் பார்த்தேன். நேராக இருந்தது. தலையின் பின்னால் உள்ள இலக்கத்தை அவர் போனில் அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டேன். ஒவ்வொரு கட்டையிலும் விரலை வைத்து ஆறு கம்பியையும் தட்டினேன். முறுக்காணிகளைத் திருகினேன். திருகாணிகளில் லேசாகத் துரு இருந்தது, அவ்வளவுதான். பார்த்ததையே திரும்பவும் பார்த்தேன். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். நான் கிட்டாரைச் சோதிக்கவில்லை, மாட்டும் நேரத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். மூலையில் கிடந்த அம்ப்ளிபையரை அவரே இழுத்து வந்தார்.

"சத்தத்தக் கேக்காம என்னண்டு வாங்குற, தம்பி?"

கிட்டாரை என் மடியிலிருந்து எடுத்து கதிரையில் சாய்த்து வைத்தார். வயரின் ஒரு நுனியை அதிலும் மற்றதை அம்ப்ளிபையரிலும் செருகினார். பிறகு பிளக்கைச் சுவரில் மாட்டினார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. காற்சட்டையில் துடைத்தாலும் திரும்ப வேர்த்தது. வெளியே தோட்டத்தில் தண்ணீர் மோட்டர் ஓடும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் சுவிட்சில் கைவைக்க முன்னர், ஒரு நிமிஷம் பொறுங்க நானா என்று சொல்லிவிட்டு டெஸ்டரை எடுத்தேன். வெட்கமாக இருந்தது. சுவிட்ச் போடாத நேரத்தில் அதை வைத்துப் பார்ப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒருமுறை எரியாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டால் மனம் கொஞ்சம் அடங்கும், அதற்காகத்தான் வைத்தேன்.

கிட்டார்க் கம்பியில் பட்டதும் பல்ப் எரிந்தது. மங்கலாக அல்ல, என் வீட்டுப் பிளக்கில் எரிந்த அதே பிரகாசத்தோடு.

சுவரைப் பார்த்தேன். சுவிட்ச் போடப்படவில்லை.

பெரியவர் சிரித்தார். டெஸ்டர் பிழையாக இருக்கும் என்றார். விலையைக் குறைக்க நான் ஏதோ செய்கிறேன் என்றும் நினைத்திருக்கலாம், அவர் முகம் சற்று மாறியது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காகக் குனிந்து கிட்டாரைத் தூக்கக் கையை நீட்டினார். ஈரத் தரையில் அவர் வெறுங்காலோடு நின்றார்.

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பது ஞாபகமில்லை. அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறேன். இருவரும் சுவரில் மோதி நின்றோம். என் வயதுக்கு அவரை அப்படித் தொட்டதற்கு வேறொரு வீட்டில் அடி விழுந்திருக்கும். அவர் கசங்கிய சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு என் டெஸ்டரைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு ராத்தா குசினியிலிருந்து வந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்க முன்னர் அவர் கணவரைப் பார்த்தார்.

"நான் எத்தின தரம் சொன்ன, பிரிட்ஜ் கடிக்கிது எண்டு? நீங்க நரம்புத் தளர்ச்சி எண்டு மாத்திர வாங்கித் தந்தீங்க."

குசினி வாசலில் நின்று பிரிட்ஜின் கைபிடியில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. பிளக்கில் மாட்டியிருந்த ரைஸ் குக்கரிலும் எரிந்தது. பிளக்கைக் கழற்றாமலேதான் ராத்தா தினமும் அதைத் துடைத்திருக்கிறார். பல மாதங்களாகக் காலில் இறப்பர் செருப்போடும் கையில் துணியோடும்தான் பிரிட்ஜைத் திறக்கிறாராம். சில நேரம் கடிக்கும், சில நேரம் கடிக்காது என்றார். எந்த நேரம் கடிக்கும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"மோட்டர் ஓடுற நேரம்," என்றார் மெதுவாக.

பெரியவர் வாசலுக்குப் போய் இறப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, காய்ந்த மரக் குச்சியால் மெயின் சுவிட்சைத் தட்டி இறக்கினார். மோட்டர் சத்தம் நின்றது. டெஸ்டரை மறுபடி கிட்டார்க் கம்பியில் வைத்தேன். எரியவில்லை. அதற்குப் பிறகும் நாங்கள் மூவரும் கிட்டாரிலிருந்து தள்ளித்தான் உட்கார்ந்திருந்தோம்.

பின்னேரம் கரண்ட் வேலை செய்யும் வயரிங் பாஸ் ஒருவர் வந்தார். மோட்டரின் உள்ளே கரண்ட் கசிந்து எர்த் வயரில் ஏறியிருக்கிறது. அந்த வயர் நிலத்துக்குள் போக வேண்டும். குளியலறைக்குப் பின்னால் மண்ணில் அடித்திருந்த எர்த் கம்பியைத் தொட்டதும், பச்சை பூத்து உக்கிப்போயிருந்த வயர் பாஸின் கையோடு வந்தது. நிலத்துக்குப் போக வழியில்லாத கரண்ட், எர்த் இருக்கிற எல்லாச் சாமான்களின் உடம்பிலும் நின்றிருக்கிறது. சுவர் சுவிட்ச் எர்த் வயரைத் துண்டிக்காது என்பதால் அம்ப்ளிபையர் வழியாகக் கிட்டார்க் கம்பி வரை வந்திருக்கிறது. இப்படியான நேரத்தில் தானாக விழுந்து கரண்டை நிறுத்த வேண்டிய ட்ரிப் சுவிட்சை, அடிக்கடி விழுகிறது என்று போன வருஷம் வந்த ஒரு பாஸ் நேரே இணைத்துவிட்டுப் போயிருந்தார். அப்படிச் செய்யச் சொன்னது நான்தான் என்று பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ராத்தா பிளேன்டீயைக் கொண்டுவந்து முதலில் அவர் கையில்தான் கொடுத்தார்.

கிட்டாரில் ஒரு பழுதும் இல்லை. இருந்தும் அன்று வெறுங்கையோடுதான் திரும்பினேன். வழியில் இரண்டு இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்த வேண்டியிருந்தது. அவர் கையை நீட்டிய அந்தக் கணம் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது.

பத்து நாள் கழித்து அவரே போன் எடுத்தார். புதிய எர்த் கம்பி, புதிய ட்ரிப் சுவிட்ச், மோட்டரும் மாற்றியாகிவிட்டது, வந்து சத்தத்தைக் கேளுங்கள் என்றார். போனேன். இந்த முறை செருப்போடு உள்ளே வரச் சொன்னார்கள். மோட்டரை ஓடவிட்டே கிட்டார்க் கம்பியைச் சோதித்தேன், சுவிட்ச் போட முன்னரும் போட்ட பிறகும். எரியவில்லை. ஆனாலும் கம்பியைத் தொட விரல் இறங்கவில்லை. முதலில் புறங்கையால் தட்டினேன். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பெரியவர் அந்த நேரம் பார்த்து வெங்காயப் பாத்திக்குப் போய்விட்டார்.

ஒரு கோர்ட் பிடித்து மெதுவாக வாசித்தேன். பிறகு இன்னொன்று. கண்ணீர் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ராத்தா குசினிக்குள்ளேயே நின்றுகொண்டார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து பெரியவரின் குரல் வந்தது.

"மூணாவது கம்பி கொஞ்சம் எறங்கிக் கிடக்கு, தம்பி."

சரிபார்த்தேன். சுருதி இறங்கித்தான் கிடந்தது.