அம்மா திரும்பக் கேட்காத காணிக்கை

சாட்சி என்றால் கடைசியில் வியாதி சுகமாகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மா சுகமாகவில்லை. போன ஐப்பசி மழையில் அவரை எங்கள் தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்தோம். அப்படியிருந்தும் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே அழுகை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு இலங்கையில், கண்டிப் பக்கத்துப் பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தவர். அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்கிறார். நான் ஒரே பிள்ளை. கண்டியில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தேன். படிப்பு முடிந்ததும் கல்லூரி வழியாக, ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ஒரு மலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கும் ஊழியத்துக்குப் போவதாக ஏற்பாடு. அந்த மலையிலும் தேயிலைத் தோட்டம்தான்.

இந்த ஏற்பாடு உண்மையில் நான் பேசத் தெரியாத வயதிலேயே தொடங்கியது. கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டேன் என்று எல்லோரும் கைவிட்டார்களாம். அப்போதுதான் சபைக்குப் போகத் தொடங்கியிருந்த அம்மா, பிள்ளை பிழைத்தால் உமது ஊழியத்துக்கே தருகிறேன் என்று பொருத்தனை செய்துகொண்டார். நான் பிழைத்தேன். அப்பா சைவம். அன்றும் இன்றும் நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே இறங்க மாட்டார். பொருத்தனை செய்தபோது அம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலுக்கு ஆடு நேர்ந்துவிடுவதாக இருந்தாலும் வீட்டுக்காரனிடம் சொல்லிவிட்டுத்தான் நேருவார்கள் என்று அப்பா சிரித்துக்கொண்டே குத்திக் காட்டுவார். சிரிப்புக்குள் கோபம் இருந்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் என் படிப்பை அவர் ஒரு நாளும் தடுத்ததில்லை.

கடைசி வருடம் சித்திரை லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா உடம்பு துடைக்கும்போது தற்செயலாக உள்ளே போய்விட்டேன். மார்பில் துணி வைத்துக் கட்டியிருந்தார். துணி ஒட்டிப் போயிருந்தது. வாடையும் வந்தது. நான் அலறினேன். அம்மா அலறவில்லை, சட்டென்று சேலையை இழுத்து மூடினார்.

கட்டி வந்து நெடுங்காலம் ஆகியிருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. அந்த வலியோடு கூடை சுமந்து மலை ஏறியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தியபோது அவர் சொன்ன பதில் இது:

"நான் படுத்துட்டேன்னு தெரிஞ்சா நீ போவ மாட்ட. ஆண்டவருக்குனு குடுத்தத எப்புடி புள்ள திருப்பிக் கேக்குறது?"

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி, கோழி என்று கொண்டுபோய் வைப்போம். ஆராதனை முடிந்து ஏலம் நடக்கும். தான் கொண்டுபோனதை அம்மா ஒருபோதும் தானே ஏலத்தில் எடுக்க மாட்டார். கொடுத்தது கொடுத்ததுதான் என்பார். பூசணிக்காய்க்கு வைத்த அதே சட்டத்தை என் விஷயத்திலும் வைத்துவிட்டார். நோயைச் சொன்னால் மகளைத் திரும்பக் கேட்டதாகிவிடும் என்று நினைத்துத் தன் உயிரையே பணயம் வைத்திருக்கிறார். இப்படி ஒரு தப்புக் கணக்கை விசுவாசமுள்ள ஒரு தாயால்தான் போட முடியும்.

கண்டி ஆஸ்பத்திரியில் சிங்கள டாக்டர் அம்மா ஒருவர் பார்த்தார். நல்ல மனுஷி. என்னைக் கதிரையில் உட்காரவைத்து, மிகவும் பிந்திவிட்டது, வலி இல்லாமல் வைத்திருக்கத்தான் இனி முயற்சி செய்யலாம் என்று மெதுவாகச் சொன்னார். அப்பா வெளியே நின்றார். அவரிடம் போய் அதைத் தமிழில் சொல்லவேண்டியவள் நான்தான்.

நான் உபவாசம் இருந்தேன். சபையார் இருந்தார்கள். எண்ணெய் பூசி ஜெபித்தோம். இன்னும் விசுவாசம் வேண்டும் என்று ஒரு அக்கா சொன்னார். நான் கொஞ்சம் சண்டைக்காரி. அம்மாவின் விசுவாசத்தில் பாதி உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். ஆண்டவரோடும் சண்டை போட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கல்லூரிக்குப் போய், நான் வெளிநாடு போகவில்லை, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதை யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

அதிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. வலிக்கு மருந்து இருந்தது, பயத்துக்கு இல்லை. "குடுத்த வாக்கு என்னால கெட்டுப்போச்சு. ஆண்டவர் மூஞ்சில எப்புடி முழிப்பேன்" என்று முனகிக்கொண்டே இருப்பார். ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை அம்மா என்று பாஸ்டர் ஐயா வந்து பொறுமையாக விளக்கினார். அம்மா மரியாதைக்குத் தலையாட்டினார். அவர் போனதும் மறுபடியும் முனகல். போகிறேன் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். உண்மையாகப் போகவும் மனம் வரவில்லை. அப்பாவை யார் பார்ப்பது?

ஒரு மத்தியானம், அம்மாவைச் சேர்த்திருந்த வார்டுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபித்தேன். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை. ஆண்டவரே, இனி சுகம் கேட்கவில்லை. அவரைப் பயத்தோடு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதேயும். எப்படிச் செய்வீரோ எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் கேட்டேன்.

அது கண்டியில் பெரஹெரா ஊர்வலம் நடக்கும் வாரம். வீதிகளை மூடியிருந்ததால் பஸ் டவுனுக்குள் போகாமல் ஆட்களை இறக்கிவிட்டது. அப்பா அந்தச் சனத்துக்குள் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அம்மா முனகுவதைப் பார்த்து, இவள் என்ன சொல்லிக்கொண்டே இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டார். அவருக்கு நோய் தெரியும். அம்மா அதை ஏன் மறைத்தார் என்று அதுவரை தெரியாது. என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்லவேண்டாம் என்று அம்மா கேட்டிருந்தார். அன்று எனக்கு மறைக்கத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா சட்டென்று எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் போனது தண்ணீர்க் குழாய்க்கு. கோயிலுக்குள் நுழைகிறவர் போல் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்தார். கல்யாணத்தில் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுப்பார்களே, அப்படி என் கையை அம்மாவின் கைமேல் வைத்து, தன் கையால் மூடினார்.

"அன்னைக்கி நீ ஒத்தையா குடுத்த, எங்கிட்ட கேக்கல. இன்னைக்கி நானும் சேந்து குடுக்குறேன். புள்ள போவா. நாந்தான் அனுப்புவேன். இனி அது ஒன் பொறுப்பு இல்ல, ஏம் பொறுப்பு. நீ பயப்படாத."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோவம் இல்லீங்களா?"

"இருந்திச்சி. இப்ப இல்ல."

அம்மா அழுதார். நானும் அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா, என்ன நடக்கிறதென்று புரியாமலே எங்களோடு அழுதார். பிறகு அம்மா பிளேன்டீ கேட்டார். இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்கினார். அந்த முனகல் அதன்பின் வரவே இல்லை.

பாஸ்டர் சொல்லியும் ஆறாத மனதை, சபைப் படியே ஏறாத என் அப்பாவைக் கொண்டு ஆண்டவர் ஆற்றினார். நான் நினைத்துக்கூடப் பார்க்காத வழி அது.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவர் இருந்த அந்தக் கொஞ்சக் காலமும் மலாவியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கேயும் பெண்கள்தான் கொழுந்து எடுக்கிறார்களா, கூடையைத் தலையில் மாட்டுவார்களா தோளிலா, அட்டை கடிக்குமா. எனக்குத் தெரியாது என்றால், டீச்சரம்மாவுக்கே தெரியாதா என்று சிரிப்பார். ஒரு காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் லயத்து வாசலில் பேசிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே கண்ணை மூடினார். முகத்தில் பயம் இருக்கவில்லை.

நான் திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தேன். எனக்கு வைத்திருந்த இடத்தை அவர்கள் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. அடுத்த மாதம் புறப்படுகிறேன். அப்பா மனம் மாறினாரா என்று சபையில் கேட்கிறார்கள். இன்றும் திருநீறு பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். ஆனால் கடையடியில் யாராவது விசாரித்தால், மகளை நான்தான் அனுப்புகிறேன் என்று நிமிர்ந்து சொல்கிறார். ஆண்டவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்றே நம்புகிறேன்.

இதை வாசிக்கும் தாய்மாரே, நோவை மறைத்துவைப்பதை ஆண்டவர் காணிக்கையாகக் கேட்கவில்லை. கட்டியோ காய்ச்சலோ, இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கிளினிக்குக்குப் போங்கள். சுகம் கேட்டுக் கிடைக்காமல் சோர்ந்திருக்கிறவர்களே, கேட்பதை நிறுத்தாதீர்கள். பெரியதைக் கேட்கத் தெம்பில்லாவிட்டால் சின்னதைக் கேளுங்கள். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாலும் அவருக்குக் கேட்கும். என் ஜெபத்தைக் கேட்டார்.

தனியாக இருக்கப்போகிற அப்பாவை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்று அம்மா இருந்துவிட்டார். நான் கேட்பேன். அப்பாவைத் திரும்பவும் கண்ணால் பார்க்கத் தாரும் என்று தினமும் கேட்பேன். நீங்களும் எனக்காகக் கேளுங்கள்.