பெற்றோல் மணம்

சீனன்குடாவுக்குச் சற்று முன்பு, வீதியை மூடிய வெள்ளத்தில் எங்கள் வாடகைக் கார் நின்றுவிடுகிறது. சாரதி காசிம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார். நானும் இறங்குகிறேன்.

"நல்லா மணக்குது, ஐயா. அப்ப பெற்றோல் வருது. பிளக்தான் நனைஞ்சிட்டுது."

பிளக்குகளைக் கழற்றி, நெருப்பில் சுட்டுக் காயவைக்க நெருப்புப்பெட்டியை எடுக்கிறார். தோணியைத் தள்ளிக்கொண்டு வரும் மீனவர் ஒருவர் காசிமை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுக் கத்துகிறார்.

"காக்கா, கொளுத்தாதேங்கோ! வெள்ளைக்காரன்ர பட்டாளக் காம்பில பெற்றோல் பீப்பா உடைஞ்சு வெள்ளத்தோட வருது! மூண்டு பேரும் எரிஞ்சு போவம்!"

காசிமின் கை அப்படியே நிற்கிறது. நெருப்புப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் வைக்கிறார். பிறகு எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டும் கார்புரேட்டரைக் கழற்றிக் கவிழ்க்கிறார். வெறும் தண்ணீர் கொட்டுகிறது. பெற்றோல் எங்கள் முழங்கால்களைச் சுற்றி, பல நிறத்தில் மினுங்கிக்கொண்டு நிற்கிறது.