தோற்றவளுக்குச் சாத்திய வெண்ணெய்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வைகாசியில் என் வேலை போக இருந்தது. தாயே என்று காளியைக் கும்பிடுகிற அத்தனை பேரும் இதைக் கேட்க வேண்டும். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். பி.ஏ. படித்திருந்தேன், ஆனால் வாத்தியார் பயிற்சி இல்லை. அதற்கான எல்.டி. படிப்புக்கு இரண்டு வருஷம் மனுப் போட்டும் இடம் கிடைக்கவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் எடம் கெடைக்கலேன்னா அடுத்த வருஷம் உங்கள வச்சுக்கிட முடியாது சார். மேலிடத்து உத்தரவு." வீட்டில் மனைவி மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். எனக்கு வேறு தொழில் தெரியாது.

அதையாவது தாங்கிக்கொண்டிருப்பேன். அதே வருஷம் சொக்கலிங்கமும் மனுப் போட்டான். என் தங்கை புருஷன், அலங்காநல்லூர்க்காரன், அவனும் வாத்தியார். நல்ல மனுஷன்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் விடிய விடியப் படிப்பதை அவன் ஒரு தடவை கேட்டே ஒப்பித்துவிடுவான். நான் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் வாயை மூடும். அவன் நுழைந்தால் சிரிக்கும். எங்கள் அம்மாகூட, மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால் எனக்கு வைத்த மீன் துண்டை எடுத்து அவன் இலையில் போடுவாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொள்வேன்.

அவனே வீடு தேடி வந்து சொன்னான்.

"மச்சான், நானும் மனுப் போட்டுருக்கேன். தேர்வுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாப் போவமா?"

"போவோம் மாப்ள, அதுக்கென்ன."

அவன் தெருவைத் தாண்டினதும் என் மனைவி கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "வாயில சீனி, வயித்துல நெருப்பு. இப்படி வெந்து வெந்து எம்புட்டு நாளைக்கு இருப்பீக? போயி காளியாத்தாளுக்கு வெண்ணெய் சாத்திட்டு வாங்க."

மீனாட்சியம்மன் கோவில் கம்பத்தடி மண்டபத்துக் காளியை உங்களுக்குத் தெரியும். சுவாமியோடு போட்டி போட்டு ஆடித் தோற்றுப்போனவள். அவள் கோபம் தணியட்டும் என்றுதான் வெண்ணெய் உருண்டையை அவள்மேல் எறிகிறோம். தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் போய் நின்றேன். சொக்கலிங்கத்துக்குக் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஜெயித்தவர் பக்கத்திலேயே காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இவள் எத்தனை காலமாக அதைப் பொறுத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆத்தா, உனக்குத் தெரியாததா? இந்த எரிச்சல எங்கிட்டருந்து எடுத்துரு. என் வேலையக் காப்பாத்து" என்று சொல்லி எறிந்தேன். உருண்டை அவள் தோளில் ஒட்டிக்கொண்டது.

எரிச்சல் போகவில்லை. காலையில் சொக்கலிங்கம் வெள்ளை வேட்டியில் வந்து நின்றதும் முன்னைவிட அதிகமாகவே எரிந்தது. ஆத்தாளும் கைவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அவனோடு நடந்தேன்.

தேர்வு என்றால், தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மனுப் போட்ட மற்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். நான் பருவமழையைப் பற்றி நடத்தினேன். பாதியில் ஒரு பையன் கொட்டாவி விட்டான். என் கதை முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

அடுத்து சொக்கலிங்கம் வைகையைப் பற்றி எடுத்தான். எங்கே குற்றம் கிடைக்கும் என்று கண் இமைக்காமல் பார்த்தேன். முடிந்ததும் தேர்வு நடத்திய அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "இவரு பாடத்துல நல்லது என்ன பாத்தீங்க?"

ஒருவர் குரல் நன்றாக இருக்கிறது என்றார். இன்னொருவர் கையெழுத்து அழகு என்றார். அப்புறம் என் முறை. நான் குறையைத் தேடி வைத்திருக்கிறேன், அவர் கேட்பதோ நல்லதை. ஆனால் வாயைத் திறந்ததும் தானாக வந்தது.

"கேள்வியக் கேட்டுட்டு அப்புறந்தான் பையன் பேரச் சொன்னாரு. பேர மொதல்ல சொல்லியிருந்தா மத்த பிள்ளைக யோசிச்சிருக்காது. தப்பாச் சொன்ன பையன விட்டுறல. வேற ரெண்டு பேருகிட்டப் போயிட்டு அவன்கிட்டயே திரும்பி வந்து, அவன் வாயாலயே சரியான பதில வாங்குனாரு. வைகை ஆத்த அவரா வரையல, பிள்ளைக வழி சொல்லச் சொல்ல வரைஞ்சாரு."

சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் பார்க்கும்போதே என்னைச் சுட்டது. சுட்டதால்தான் ஒன்றுகூட மறக்கவில்லை. அடுத்தவனிடம் இருக்கிற நல்லதைப் பொறாமைக்காரன் பார்க்கிற மாதிரி அவனைப் பெற்றவள்கூடப் பார்க்க மாட்டாள்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "உங்க பாடம் சுமார்தான். ஆனா இவ்வளவு பாக்கத் தெரிஞ்சவருக்குச் சொல்லிக்குடுத்தா வந்துரும். இவரு உங்களுக்கு வேண்டியவரா?"

"தங்கச்சி மாப்ளைங்க."

"ரொம்பப் பிரியம்போல."

சொக்கலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அவன் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். அதற்கும் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் வேலை தப்பியது. பயிற்சி முடித்து வந்தபின் என் வகுப்பில் கொட்டாவி குறைந்தது. இன்றைக்கும் எந்த வாத்தியாராவது நன்றாக நடத்துகிறார் என்று கேள்விப்பட்டால், வயிறு எரிய எரிய அவர் வகுப்பில் பின்வரிசையில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வருகிறேன். எரிச்சலை எடுத்துவிடு என்று கேட்டேன். அவள் எடுக்கவில்லை, அதற்கு ஒரு வேலை கொடுத்தாள்.

உங்களுக்கும் யாரையாவது பார்த்து எரிகிறதா? நல்லவர் வேஷம் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போகாதீர்கள். எரிகிறபடியே போய் நில்லுங்கள். தோற்பது என்னவென்று தெரிந்தவள் அவள், விரட்ட மாட்டாள். நானே போன வெள்ளிக்கிழமை இரண்டு உருண்டை வாங்கிக்கொண்டு போனேன். சொக்கலிங்கத்தைத் தலைமையாசிரியராகப் போட்டிருக்கிறார்கள்.